துண்டு போட்ட நாற்காலிகள்

வேப்பம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற சித்திரை மாதத்தில் சேனைப்பாளையம் மாநகராட்சி, தண்ணீர்த் தொட்டிப் பூங்காவில் இருபத்தொரு நாள் இளவேனில் விழா நடத்தியது. அனுமதி இலவசம், நீர்மோர் இலவசம், சுண்டல் இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகச் சொல்லிப் போனார்கள். முதல் நாள் உயிரோடு இருப்பவர்கள் வந்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து செத்தவர்களும் வந்தார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும், அந்த வருஷம் மாங்காய் காய்ப்பு குறைவு என்று சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொல்வார்கள்.

காலையில் பெரியவர்களுக்குச் சிரிப்புப் பயிற்சியும் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் வேப்பமரத்தடியில் கண் பரிசோதனையும் நடந்தன. ஆனால் கூட்டம் சாயங்காலத்துக்குத்தான். ஆறு மணிக்கு மேடை விளக்கு எரிந்தால் ஒரு நாள் சிலம்பம், ஒரு நாள் மாயவித்தை, ஒரு நாள் பட்டிமன்றம், ஒரு நாள் வள்ளி கும்மி. போட்டிருந்த நாற்காலியோ ஐந்நூறு. வர நினைத்தவர்களோ முப்பத்தொன்பது வார்டு ஜனம். அதனால் மூன்று மணி வெயிலிலேயே வந்து நாற்காலிமேல் துண்டு போட்டுவிட்டுப் போனார்கள்.

சேனைப்பாளையத்தில் துண்டு என்றால் ஆள். அந்த ஊர்த் தறிகளில் நெய்வதே துண்டுதான் என்பதாலோ என்னவோ, பேருந்து ஜன்னலில், கல்யாணப் பந்தியில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே ஒரு துண்டு கிடந்தாலும் அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பதாகவே அர்த்தம். கர்ப்பிணி நின்றுகொண்டு வந்தாலும் துண்டை எடுத்து அந்தப் பக்கம் போட யாருக்கும் கை வராது. அண்ணன் தம்பி வெட்டுக்குத்துக்குப் பஞ்சாயத்துப் பேசியவர்கள்கூட, துண்டை எடுத்தவனுக்காகப் பேச வரமாட்டார்கள்.

மூன்றாம் நாள் மாராத்தாள் ஒரு தவறு செய்தாள். அவள் புருஷன் ஆறுச்சாமி தை மாதம்தான் செத்துப்போயிருந்தார். ஆனால் நாற்பது வருஷமாக எங்கே போனாலும் தனக்கொன்று அவருக்கொன்று என்று இரண்டு துண்டு போட்டுப் பழகிய கை, அன்றைக்கும் இரண்டு போட்டுவிட்டது. எடுக்க வேண்டும் என்று அவள் நினைப்பதற்குள் மைக் சோதனை முடிந்து சிலம்பக்காரர்கள் மேடையேறிவிட்டார்கள். ஆறுச்சாமி நீர்மோர்ப் பானைக்குப் பக்கத்து வழியாக, மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மேடையைப் பார்த்தார்.

நான்கு வரிசை பின்னால் இருந்த சாந்தாமணி இதைத் தன் கண்ணால் பார்த்தாள். யாரும் அலறவில்லை. ஆறுச்சாமிக்குப் பின்னால் இருந்த ஒருவர், மேடை மறைக்கிறது என்று மட்டும் முனகினார். செத்த மனுஷருக்கு நாற்காலி எதற்கு, பிள்ளைகள் நிற்கிறதே என்று இன்னொருவர் கேட்டதற்கு, துண்டு போட்டது போட்டதுதான் என்று நாலு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒன்பது மணிக்கு நன்றியுரை தொடங்கியதும், எல்லாரும் எழுந்துகொள்கிற மாதிரியே ஆறுச்சாமியும் எழுந்து, துண்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் இரண்டு மணிக்கே ஐந்நூறு நாற்காலியிலும் துண்டு கிடந்தது.

எப்படி அழைத்தால் வருவார்கள் என்பதை ஊர் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. செத்தவர் உடம்பில் பட்ட துணியாக இருக்க வேண்டும். புதுத்துணிக்கு வரமாட்டார்கள், போட்டோ வைத்தாலும் வரமாட்டார்கள். மைக் சோதனைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும். வழக்கம் தவறாமல் துணிமணிகளை எல்லாம் வாய்க்காலில் விட்டுக் கருமம் முடித்தவர்கள், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒன்றையும் விட மனமில்லாமல் பெட்டியில் பூட்டி வைத்த கஞ்சர்கள், பெரியப்பா சித்தப்பா என்று ஒரு வரிசையையே நிரப்பினார்கள். தரை துடைக்கிற துணியாகிப் போன வேட்டிக் கிழிசலுக்குக்கூட ஒரு பெரியவர் வந்தார். பேரன் அதை அலசிக்கூடப் போட்டிருக்கவில்லை.

வந்தவர்கள் பேசவில்லை. பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. கொடுத்த சுண்டலைத் தின்னவில்லை. அவர்கள் பங்கை வீட்டார் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். கை தட்ட வேண்டிய இடத்தில் மட்டும் சரியாகத் தட்டினார்கள். சாகும்போது தண்ணீர் கொடுக்க வராத மகன் ஒருவன் தகப்பனார் காலைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். மாயவித்தைக்காரர் தொப்பியிலிருந்து புறா எடுக்கிற நேரம் அது. தகப்பனார் மகன் தலை மறைக்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து புறாவைப் பார்த்தார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் பக்கத்தில் இருக்கிறேன், மேடையில் ஆடுகிறவளைப் பார்த்த கண்ணால் என்னை ஒரு தரம் பார்க்கவில்லையே என்று மாராத்தாள் கோபித்துக்கொண்டு ஒரு நாள் துண்டு போடாமல் இருந்தாள். அடுத்த நாள் போட்டாள்.

மாநகராட்சிக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. கூட்டம் இரட்டிப்பாகி, பத்திரிகையில் படமும் நன்றாக வந்தது. எட்டாம் நாள் பூங்கா வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்: விழாவுக்கு வருகை தரும் காலஞ்சென்றோருக்கு இடப்பக்கம் நீல நாற்காலிகள், ஏனையோருக்கு வலப்பக்கம் சிவப்பு நாற்காலிகள், நீல நாற்காலி வேண்டுவோர் இறப்புச் சான்றிதழ் நகலோடு வரவும். கவுன்சிலர் மேடையேறினால் தாய்மார்களே என்பதற்கு அடுத்தபடியாகக் காலஞ்சென்ற பெரியோர்களே என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கும் கை தட்டினார்கள்.

சாந்தாமணிக்கு நாற்பது வயது. துண்டுக் கம்பெனியில் மடிப்பு வேலை. நாளைக்கு அறுநூறு துண்டு மடித்து அடுக்குவாள். அவள் புருஷன் தண்டபாணி ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரைவராக வடக்கே போனவர். போன புதிதில் நாலு மாதம் வாரத்துக்கு ஒரு போன் வந்தது. பிறகு வரவில்லை. ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு டீக்கடையில் இறங்கினார், திரும்பி வண்டியேறவில்லை என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அதற்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. போலீஸில் காணவில்லை என்று எழுதிக் கொடுத்ததோடு சரி. ரேஷன் கார்டில் இன்னும் அவர் பெயர் இருந்தது, மாதாமாதம் அவருடைய அரைக் கிலோ சர்க்கரையும் வந்துகொண்டிருந்தது.

அந்த ஒன்பது வருஷமும் ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. ஆள் எங்கேயோ செத்திருப்பான், பாவம் என்பது ஒன்று. அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கிறானாம் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னவர்களோடு சாந்தாமணி சண்டை போட்டாள். கம்பெனியில் ஒருத்தி அப்படிச் சொன்னதற்கு அவள் சோற்றுப் போசியைத் தட்டிவிட்டாள். இருந்தால் வந்திருப்பார், வராததால் இல்லை. இதுதான் அவள் கணக்கு. அதை வைத்துத்தான் அவள் காலையில் எழுந்தாள், மகளுக்குத் தலை வாரினாள், துண்டு மடித்தாள். மாரியம்மன் கோவிலில் கை கூப்பி நிற்கும்போது, அவர் செத்துத்தான் போயிருக்க வேண்டும் தாயே என்று அவள் வேண்டிக்கொண்டது அம்மனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வேண்டுதலுக்குப் பிறகு அதே கோவிலில் குங்குமம் வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வாள்.

அவருடைய துண்டு ஒன்று வீட்டில் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில், அவர் கடைசியாக மாட்டிய மாதிரியே, ஒரு முனை நீண்டு ஒரு முனை குட்டையாகத் தொங்கியது. ஊருக்கெல்லாம் துண்டு மடிக்கிறவள் அதை மட்டும் மடித்ததில்லை.

விழாவின் ஒன்பதாம் நாள் ஒரு குறும்புக்காரர், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மச்சானின் லுங்கியை நாற்காலியில் போட்டுப் பார்த்தார். நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. விஷயம் கேள்விப்பட்ட மச்சான் போன் போட்டுத் திட்டினார். ஆக, செத்தவர் வராமல் இருந்ததில்லை, இருக்கிறவருக்கு நாற்காலி நிறைந்ததில்லை என்பது ஊருக்கே உறுதியாயிற்று. பதினொன்றாம் நாள் பூங்கொடி என்கிற டெய்லர் கடைக்காரி தன் புருஷனுக்குத் துண்டு போட்டாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதையில் மண் சரிந்து டெம்போவோடு போனவர். உடம்பு கிடைக்கவில்லை, சான்றிதழும் இல்லை, நீல நாற்காலி தர முடியாது என்றார்கள், அவள் சிவப்பிலேயே போட்டாள். அவர் முழங்கால்வரை செம்மண்ணோடு வந்து உட்கார்ந்தார். பூங்கொடி கொஞ்ச நேரம் அந்த மண்ணையே பார்த்தாள். பிறகு முந்தானையால் நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டு, கையிலிருந்த சுண்டலை ஒன்று விடாமல் தின்று முடித்தாள்.

சாந்தாமணிக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இப்படியொரு பொறாமை இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து தெருவில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். குழாயடியில், கம்பெனி வேனில், மாவு மில்லில், எப்போது போடப் போகிறாய் என்று கேட்டார்கள். கேட்காதவர்கள் கேட்டவர்களிடம் பதில் கேட்டார்கள். வருவான், வரமாட்டான் என்று டீக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. மகள் கனிஷ்காவுக்குப் பதின்மூன்று வயது. தகப்பனார் போனபோது நாலு. அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு வாரம் இருந்துவிட்டு, ஒரு நாள் சாப்பிடும்போது, அப்பா வந்தால் நான் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன், அங்கே நின்றால் என்னைப் பார்த்துத்தானே ஆகணும் என்றாள்.

தடுத்தவள் மாமியார் நஞ்சம்மாள் ஒருத்திதான். அவளுக்கு மகன் இருக்கிறான். எங்கேயாவது, எப்படியாவது, யாரோடாவது இருக்கிறான். விழா தொடங்கிய நாளிலிருந்து அவள் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, துண்டுக்குக் காவல் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே வந்தது.

இருபத்தோராம் நாள், விழாவின் கடைசி நாள், கம்பெனியில் அரை நாள் சொல்லிவிட்டு சாந்தாமணி வீட்டுக்கு வந்தாள். கொஞ்சம் நகருங்கத்தை என்றாள்.

"உசுரோட இருக்கற பையனுக்கு எழவுத் துண்டு போடறயா?" என்றாள் நஞ்சம்மாள்.

"தெரிஞ்சுக்கலாம்னுதாங்கத்தை."

"நாற்காலி காலியாக் கிடந்தா எனக்குச் சந்தோசம். அவன் வந்து உக்காந்தா உனக்குச் சந்தோசமா? சொல்லு அம்மிணி. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சாந்தாமணி அவளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள். நஞ்சம்மாள் மருமகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் கையூன்றி எழுந்து வழிவிட்டாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மருமகளுக்குப் பத்தடி பின்னால் அவளும் பூங்காவுக்கு நடந்தாள்.

பூங்காவில் நாற்காலி கொடுக்கிற மேசையில் இருந்தவர் சாந்தாமணியின் போலீஸ் ரசீதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலத்துக்குச் சான்றிதழ் இல்லை. சிவப்பு கொடுத்தால் பூங்கொடி விஷயத்தில் வந்த மாதிரி மேலிடத்திலிருந்து கேள்வி வரும். இது எந்தப் பக்கம் என்று எங்களுக்கே தெரியலீங்கக்கா என்று சொல்லிவிட்டு, மேடையிலிருந்து ஒரு வெள்ளை நாற்காலியைக் கொண்டுவந்து, நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில், ஆட்கள் நடக்க விட்டிருந்த வழியில் போட்டார். சாந்தாமணி அதில் துண்டைப் போட்டாள். போடும்போதும் மடிக்கவில்லை. சிவப்பு வரிசையின் ஓரத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், அடுத்ததில் மகள், அதற்கடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நஞ்சம்மாள்.

கடைசி நாள் வள்ளி கும்மி. முன்னூறு பெண்கள் ஒரே நிறச் சேலையில் பூங்கா மண்ணில் வட்டம் கட்டி நின்றார்கள். நாற்காலி இல்லாதவர்கள் மதில்மேலும் சறுக்குமரத்தின்மேலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் கும்மி பார்க்க வரவில்லை. மைக் சோதனை முடிந்தது. உடுக்கை அடித்தார்கள். முதல் அடியெடுத்து வைத்ததும் நீல நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ஆறுச்சாமி வந்தார், சிவப்புப் பக்கத்துக்குச் செம்மண் காலோடு பூங்கொடியின் புருஷன் வந்தார், தரைத் துணிக்கு வருகிற பெரியவர் வந்தார், பெயர் தெரியாத வார்டுகளின் பெயர் தெரியாதவர்கள் எல்லாம் வந்தார்கள். நடுவழியில்தான் எல்லாரும் வந்தார்கள். வெள்ளை நாற்காலிக்குப் பக்கத்தில் வரும்போது, வழியில் கிடக்கிற பொருளுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி, தங்கள் தங்கள் துண்டுக்குப் போனார்கள்.

சாந்தாமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவரைப்போலச் சட்டை போட்டு வந்தவரை எல்லாம் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் இளைத்திருப்பாரோ என்று இளைத்தவர்களைப் பார்த்தாள். பிறகு, செத்தவர்கள் இளைக்கமாட்டார்களே என்று நினைத்துக்கொண்டாள். கனிஷ்கா எழுந்து போய் மேடையோரமாக, விளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்றாள். கும்மி சுற்றிச் சுற்றி வேகம் பிடித்தது, முன்னூறு பேர் கையும் ஒரே தாளத்தில் விழுந்து எழுந்தன, மண் எழும்பி விளக்கு மங்கியது. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது, பெண்கள் தண்ணீர் குடித்து வந்து மூன்றாவதும் ஆடினார்கள். வழியில் ஆள் வருவது நின்றுபோயிற்று. நீல நாற்காலியில் ஒன்றுகூடக் காலியில்லை. வெள்ளை நாற்காலியில் துண்டு மட்டும் இருந்தது.

முதலில் நஞ்சம்மாள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எழுந்து வந்து, நாற்காலி வேண்டாம் என்பதுபோல மண்ணிலேயே மருமகள் காலடியில் உட்கார்ந்து, எம் பையன் இருக்கறான் சாமி, எம் பையன் இருக்கறான் என்று அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கும்மி நடந்துகொண்டிருக்கும்போதே பெண்கள் வரிசை வரிசையாக எழுந்து வந்தார்கள். மாராத்தாள் வந்து, உன் தாலி கெட்டியம்மிணி என்றாள். யாரோ குங்குமச் சிமிழோடு வந்து நெற்றியில் வைத்தார்கள், அதன்மேல் இன்னொருத்தி வைத்தாள், வகிட்டில் ஒருத்தி வைத்தாள். வேர்வையில் அது மூக்கில் இறங்கியது. கம்பெனிக்காரி ஒருத்தி, முன்பு போசி தட்டப்பட்டவள், வாயில் சர்க்கரை போட்டாள். டீக்கடையில் ஜெயித்த கட்சியார் மதில்மேலிருந்து கை காட்டினார்கள். பூங்கொடி மட்டும் கிட்டே வராமல், தூரத்திலிருந்து அவளைப் பார்த்துவிட்டுத் தன் புருஷன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாருக்கும் சாந்தாமணி தலையாட்டினாள். சர்க்கரையை விழுங்கினாள். அவள் முகம் சிரித்த மாதிரி இருந்ததாகத்தான் அப்புறம் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது நீல நாற்காலிகளை. மண்ணுக்குள் போனவர்கள், சாம்பலாகி ஆற்றில் கரைந்தவர்கள், உடம்பே கிடைக்காதவர்கள், வீட்டார் துணியால் தரை துடைத்த பிறகும் கோபப்படாதவர்கள், எல்லாரும் ஒரு துணி கிடக்கிறது என்று அவ்வளவு தூரம் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராய்ப்பூரிலிருந்து ரயில் இருக்கிறது. இரண்டு நாள்.

கனிஷ்கா வெளிச்சத்திலிருந்து திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா உசுரோட இருக்காரா?"

"ஆமாங்கண்ணு."

"அப்பறம் ஏன் வரல?"

நஞ்சம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு மருமகள் முகத்தைப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் நடுவழியில் ஒரு ஆள், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடம் தேடி வந்தார். வெளியூர்க்காரர் போலிருக்கிறது, நீலம் சிவப்பு ஒன்றும் தெரியாமல், வெள்ளை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அதிலிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்தவள்தான் போட்டிருப்பாள் என்று அவளிடம் குனிந்து கேட்டார்.

"ஏனுங்க, இங்க ஆள் வர்றாங்களா?"

சாந்தாமணி எழுந்து துண்டை எடுத்தாள்.

"வரமாட்டாருங்க," என்றாள். "குழந்தைய வெச்சுட்டு எத்தனை நேரம் நிப்பீங்க, உக்காருங்க."